வெற்றி என்னும் கடன்



பாடசாலைகளில் பரிசளிப்பு விழாக் காலம் வந்துவிட்டால் ஒரே வாக்கியத்தை நாம் பல மேடைகளில் கேட்கிறோம். பிரதம விருந்தினர் யாராக இருந்தாலும் சரி, கல்வி அதிகாரியோ, வர்த்தகரோ, நம் குருமாரில் ஒருவரோ, பிள்ளைகளைப் பார்த்து அவர் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: “உழைத்தால் உயரலாம்.” பெற்றோர் கைதட்டுகிறார்கள். பிள்ளைகளும் தட்டுகிறார்கள். பரிசு பெறாத பிள்ளைகள் பின்வரிசைகளில் இருந்து தாங்களும் தட்டுகிறார்கள்.

இந்த வாக்கியம் உண்மையா? இதை இந்த வாரம் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். பொய் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பாதி உண்மையை முழு உண்மையாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், மற்றப் பாதி இல்லாத குறையை அவர்கள் வாழ்நாள் முழுவதும் அனுபவிக்க நேரிடும்.

உழைத்தவர் எல்லாம் உயர்ந்தாரா?

கம்பளையிலிருந்து புசல்லாவைப் பக்கமோ தொலஸ்பாகைப் பக்கமோ காலை பஸ்ஸில் போகிறவர்கள் சன்னலுக்கு வெளியே பார்க்கும் காட்சி யாவருக்கும் தெரிந்ததே. பனி விலகும் முன்பே கூடையோடு மலையேறிவிட்ட பெண்கள், அட்டைக்கடியும் மழையும் பாராமல் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் அதே மலைகளில் அதையே செய்தார்கள். 1867-ஆம் ஆண்டு லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டதிலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இந்நாட்டில் இவர்களை விடக் கடுமையாக உழைத்தவர் யார்? உழைப்பு ஒன்றே மனிதனை உயர்த்தும் என்றால், இன்று நாட்டின் உச்சியில் இருக்க வேண்டியவர்கள் இவர்கள் அன்றோ?

நடந்தது என்ன? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்பதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2021-ஆம் ஆண்டில்தான் அது கைக்கு வந்தது. வந்தபோது விலைவாசி அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் சோம்பேறிகளாக இருந்ததால் இந்த நிலைமை ஏற்பட்டது என்று மனச்சாட்சியுள்ள எவரும் சொல்லமாட்டார்.

ஆகவே “உழைத்தால் உயரலாம்” என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உயர்ந்தவன், “இது முழுவதும் என் கையால் வந்தது” என்று மார்தட்டுகிறான். உயராதவன், “நான் போதிய அளவு உழைக்கவில்லை போலும்” என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறான். முதலாவது ஆணவம், இரண்டாவது அநியாயமான தண்டனை. இரண்டும் ஒரே பாதி உண்மையிலிருந்து பிறந்தவை.

இதைக் கேட்டவுடன் சிலர் மறுகரைக்குத் தாவிவிடுவதும் உண்டு. “எல்லாம் தலையெழுத்து, ஃபாதர். ஆள் பலம் உள்ளவனுக்குத்தான் எதுவும் நடக்கும். நம்ம பிள்ளை படித்து என்ன செய்யப்போகிறான்?” என்கிறார்கள். பதினைந்து வயதில் பாடசாலையை விட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போகும் பையனுக்குப் பின்னால் பெரும்பாலும் வறுமை இருக்கிறது. சில வேளைகளில் இந்தப் பேச்சும் இருக்கிறது. இதுவும் பாதி உண்மைதான். அதுவும் முதலாவதை விடக் கொடியது.

உழைப்பும் வேண்டும், உழைப்பு மட்டும் போதாது என்றால், வேறு எது வேண்டும்? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கண்டி மாவட்டத்திலேயே எல்லோரும் அறிந்த ஒரு வாழ்க்கை இருக்கிறது.

கட்டுகஸ்தோட்டை மைதானத்தில்

முத்தையா முரளிதரன் 1972-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் திகதி கண்டியில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் 1920-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இங்கே வந்தவர். பிற்காலத்தில் அவர் தம் புதல்விகளோடு திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட, முரளிதரனின் தந்தை உள்ளிட்ட புதல்வர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். இந்தக் குடும்பக் கதை நம் வாசகர்கள் பலருக்குத் தங்கள் வீட்டுக் கதை போலவே இருக்கும்.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முரளிதரன் லயத்துக் காம்பராவில் வளர்ந்த பிள்ளையல்லர். தந்தை பிஸ்கட் உற்பத்தித் தொழிலில் முன்னேறியிருந்தார். மகனை நல்ல பாடசாலைக்கு அனுப்பவும், கிரிக்கெட் விளையாடச் சப்பாத்தும் மட்டையும் வாங்கிக் கொடுக்கவும் அவரால் முடிந்தது. அதே மணிக்கட்டும் அதே ஆசையும் உள்ள இன்னொரு பையன் அதே ஆண்டில் ஏதோ ஒரு தோட்டத்தில் பிறந்திருக்கக்கூடும். அவன் பெயர் நமக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை முடியும்வரை அந்தப் பெயர் தெரியாத பையனையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வசதி இருந்தது என்பதால் வாழ்க்கை சுகமாக இருந்தது என்றும் எண்ண வேண்டாம். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது குடும்பத்தின் தொழிற்சாலை தீக்கிரையானது. தந்தையும் தாக்கப்பட்டுக் காயமடைந்தார். அப்போது பிள்ளைக்கு வயது ஐந்து.

ஒன்பது வயதில் முரளிதரன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் நடத்திவந்த கல்லூரி அது. அங்கே அவர் முதலில் வீசியது மிதவேகப் பந்து. பதினான்காவது வயதளவில் கல்லூரியின் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ அவரிடம், வேகத்தை விட்டுச் சுழற்பந்து வீசிப் பார்க்கும்படி சொன்னார்.

வாசகர்களே, பிற்காலத்தில் நடந்த பெரிய காரியங்களுக்கெல்லாம் வித்து இந்தச் சிறிய ஆலோசனைதான். இதில் இரண்டு பேருடைய குணம் தெரிகிறது.

முதலாவது, ஆசிரியருடைய குணம். பையன் தன்னைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. பையனிடம் உண்மையில் இருந்ததைப் பார்த்தார். அந்தப் பையனின் முழங்கை பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாதது. மணிக்கட்டோ வழக்கத்துக்கு மாறாக வளைந்து சுழலக்கூடியது. மற்றவர்களுக்குக் குறையாகத் தோன்றக்கூடிய ஒரு கையில் ஒரு வரம் ஒளிந்திருந்தது. அதைக் காண நாளாந்தம் வெயிலில் நின்று, பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். கெட்டித்தனம் அடுத்தபடிதான்.

இரண்டாவது, மாணவனுடைய குணம். பதினான்கு வயதில், தனக்கு ஓரளவு கைவந்த ஒன்றை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவனாக மறுபடி முதற்படியில் நிற்பது இலகுவானதல்ல. ஆர்வம், ஆர்வம் என்று இன்று அதிகம் பேசுகிறோம். “எனக்குப் பிடித்ததைச் செய்வேன்” என்பதையே ஆர்வம் என்று பல இளைஞர்கள் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். அது வெறும் விருப்பம். விருப்பம் ஒரு மழைக்கு முளைத்து ஒரு வெயிலுக்கு வாடிவிடும். உண்மையான ஆர்வம் உள்ளவன் தன் தொழிலை நேசிப்பதால், அந்தத் தொழில் கேட்கும் மாற்றத்துக்குத் தன்னை விட்டுக்கொடுக்கிறான். சொல் கேட்கும் பணிவு அவனுக்குப் பாரமாக இருப்பதில்லை.

பள்ளி நாட்களின் கடைசி இரண்டு பருவங்களில் முரளிதரன் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் என்ற விருதும் கிடைத்தது. இத்தோடு கதை முடிந்து, பின்னர் வெற்றி மேல் வெற்றி என்று நினைக்கிறீர்களா? 1991-ஆம் ஆண்டில் இலங்கை ‘ஏ’ அணியோடு இங்கிலாந்து சென்று ஐந்து ஆட்டங்களில் பந்து வீசினார். ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. 1992 ஆகஸ்ட் மாதம் கொழும்பு கெத்தாராமை மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் போட்டியில் இறங்கியபோது அவருக்குக் கிடைத்தவை மூன்று விக்கெட்டுகள்; விட்டுக்கொடுத்தவை 141 ஓட்டங்கள். யாரும் அன்று இவர் உலகின் முதல்வராவார் என்று சொல்லியிருக்க முடியாது.

அடி விழும்போது அருகில் நிற்பவர்

1995-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் திகதி மெல்பேர்ண் மைதானம். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் டெரல் ஹெயார், முரளிதரன் பந்தை எறிகிறார் என்று கூறி, மூன்று ஓவர்களில் ஏழு தடவை ‘நோபோல்’ அறிவித்தார். ஒரு விளையாட்டு வீரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. ஆட்டத்தில் தோற்பது ஒன்று. “நீ செய்வது மோசடி” என்று உலகத்தின் முன் சுட்டப்படுவது வேறொன்று. அவருக்கு அப்போது வயது 23.

பின்னர் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவருடைய கை நுணுக்கமாகப் பரிசோதிக்கப்பட்டது. நீட்ட முடியாத முழங்கையும் சுழலும் மணிக்கட்டும் சேர்ந்து, எறிவது போன்ற தோற்றத்தைக் கண்ணுக்குத் தருகின்றன என்பதே கிடைத்த முடிவு. ஆயினும் பேச்சு ஓயவில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்ட் நகரில் நடுவர் ரொஸ் எமர்சன் மீண்டும் ‘நோபோல்’ அழைத்தார். அப்போது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்திவைத்தார். தம் வீரரை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்பதை உலகமே பார்க்க அவர் காட்டினார். அவர் செய்த விதம் முறையா என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. ஆனால் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், ஒரு சிங்களத் தலைவர் தம் தமிழ் வீரருக்காகத் தம் பெயரையும் பதவியையும் பணயம் வைத்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. ஒரு மனிதரின் நல்ல செயல் ஓர் இனத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் துடைத்துவிடாது. அதேபோல, அநீதி நடந்தது என்பதற்காக அந்த நல்ல செயலை இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

முரளிதரன் என்ன செய்தார்? கோபித்துக்கொண்டு விளையாட்டை விடவில்லை. பரிசோதனை என்றால் போனார். 2004-ஆம் ஆண்டில், கை மடங்காதபடி உலோகம் வைத்த உறையை முழங்கையில் பூட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக் கமெராவின் முன் அதே பந்துகளை வீசிக் காட்டினார். பின்னர் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை தளர்வு என்ற பொது விதியே வந்தது. 2010 ஜூலை 22-ஆம் திகதி காலியில், இந்தியாவுக்கு எதிரான தம் கடைசி டெஸ்டில், தம் கடைசிப் பந்தில், பிரக்யான் ஓஜா கொடுத்த பிடியை மஹேல ஜயவர்தன பிடித்தபோது அவருடைய கணக்கு 800 ஆயிற்று. வேறு எவரும் இன்றுவரை எட்டாத எண் அது.

அந்தக் கடைசி விக்கெட்டும் ஒரு பாடம். பந்தை வீசியவர் ஒருவர்; பிடித்தவர் இன்னொருவர். ஏடுகளில் 800 என்று எழுதப்படும்போது பிடித்தவர்களின் கைகள் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகின்றன.

கடிதத்துக்குப் பதில் எழுதியவர்

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய நியதி என்று நினைக்க வேண்டாம். கணித மேதை இராமானுஜனை எல்லோரும் அறிவோம். கும்பகோணத்துக் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறு பாடங்களைக் கவனியாததால் உதவிப்பணத்தை இழந்தவர் அவர். பரீட்சையிலும் தவறி, வேலையின்றி அலைந்தார். ஆர்வம் அவரிடம் குறைவாகவா இருந்தது? உழைப்பு குறைவாகவா இருந்தது? இரண்டும் நிறைந்திருந்தும் வயிறு காய்ந்தது. 1912-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுக அலுவலகத்தில் முப்பது ரூபாச் சம்பளத்துக்கு எழுதுவினைஞர் ஆனார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். தமக்குக் கீழே வேலை செய்யும் இந்த இளைஞனோடு இரவில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவரும் மற்றச் சில நண்பர்களும் கொடுத்த ஊக்கத்தால் இராமானுஜன் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். இருவரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. 1913 ஜனவரியில் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஹார்டி என்பவரின் கைக்குப் போயிற்று. அவர் அதைக் குப்பையில் போடாமல் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்தார். பதில் எழுதினார். ஐந்தே ஆண்டில், 1918-இல், இராமானுஜன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

முதல் இரண்டு பேராசிரியர்களும் தீயவர்களா? இல்லை. அவர்களுக்கு வேலை இருந்திருக்கும். அறிமுகமில்லாத ஓர் எழுதுவினைஞரின் கடிதத்துக்கு ஒதுக்க நேரம் இருந்திராது. நாமும் அப்படித்தானே? நம் வாசலுக்கு வரும் பிள்ளையின் கடிதத்தைப் படிக்க நமக்கு நேரம் இருப்பதில்லை. உலகத்தில் அணைந்துபோகும் விளக்குகளில் பெரும்பாலானவை ஊதி அணைக்கப்பட்டவை அல்ல. எண்ணெய் ஊற்ற ஆள் இல்லாமல் அணைந்தவை.

தோட்டக்காரர் ஐந்து முறை போனார்

ஆண்டவர் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டத்து உவமையைத் தோட்டங்களிடையே வாழும் நாம் நன்றாக விளங்கிக்கொள்ளலாம். மாலை ஐந்து மணிக்கும் சிலர் சந்தையில் வேலையின்றி நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார் தோட்டத்தின் உரிமையாளர். தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று உவமை சொல்லவில்லை. கூப்பிட ஆள் இல்லாமல் நின்றவர்கள் அவர்கள். இந்த உவமையில் கூலியைப் பற்றி நாம் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அந்த உரிமையாளர் வீட்டில் இருந்துகொண்டு வேலையாட்கள் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரே நாளில் ஐந்து தடவை அவரே தெருவுக்கு இறங்கிப் போனார்.

நல்லாசான் என்பவர் இப்படித் தெருவுக்கு இறங்குபவரே. “திறமை உள்ளவன் எப்படியாவது மேலே வந்துவிடுவான்” என்று நாம் சொல்லிக்கொள்வது நமக்கு வசதியான ஒரு நம்பிக்கை. வந்தவர்களை மட்டுமே நாம் காண்கிறோம். வராதவர்களை எண்ணி முடித்தவர் யார்? அந்தப் பெயர் தெரியாத பையனை யார் எண்ணினார்கள்?

இப்போது வெற்றி என்பது என்ன என்று சொல்லத் துணியலாம். உழைப்புக்குக் கிடைக்கும் கூலியாக மட்டும் அதைக் கருதினால், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கூலியில் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வெற்றியின் உள்ளேயும் பிறர் நமக்குத் தந்த கவனமும் நேரமும் பொறுமையும் முதலாக இடப்பட்டிருக்கின்றன. ஆகவே வெற்றி ஒரு கடன். தந்தவர்களுக்கே அதைத் திருப்பிக் கொடுக்க முடிவதும் அரிது. அவர்களில் பலர் மறைந்திருப்பார்கள். பலர் எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள். அடுத்து நிற்பவனுக்குக் கொடுப்பதே இந்தக் கடனைத் தீர்க்கும் வழி.

இரக்கத்தை வெற்றிக்குப் பின் அணியும் ஆபரணம் போல நாம் எண்ணிவிடுகிறோம். நன்றாகச் சம்பாதித்த பின் தானதருமம் செய்வது என்ற கணக்கு அது. மேலே கண்ட வரலாறுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. அந்த வெற்றிகள் பிறந்ததே எவரோ ஒருவருடைய இரக்கத்தில்தான்.

முரளிதரன் இந்தக் கடனை உணர்ந்தவராகத் தெரிகிறார். தென் மாகாணத்தில் சீனிகமை என்ற சிங்களக் கிராமத்தில் குஷில் குணசேகர தொடங்கிய நற்பணி மன்றத்தோடு அவர் இணைந்து உழைத்தார். 2004 டிசம்பர் 26-ஆம் திகதி, அந்த மன்றத்தின் விழாவொன்றில் பரிசு வழங்கவே அவர் புறப்பட்டுப் போனார். ஏறக்குறைய இருபது நிமிடம் தாமதித்ததால் கடல்கோளிலிருந்து உயிர் தப்பினார். பின்னர் நிவாரணப் பொருட்களைச் சேர்ப்பதிலும் கிராமங்களை மீண்டும் கட்டியெழுப்புவதிலும் ஈடுபட்டார். போர் முடிந்த பின், 2012-ஆம் ஆண்டில், வடக்கிலும் தெற்கிலும் உள்ள பாடசாலைப் பிள்ளைகள் ஒன்றாக விளையாடும் நல்லிணக்கக் கிண்ணப் போட்டி அவர் பெயரால் வடபகுதியில் நடைபெற்றது.

அவருடைய அரசியல் கருத்துகளை ஏற்காத தமிழர்கள் பலர் உண்டு. 2020-ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கையைப் படமாக்கும் முயற்சிக்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பையும் வாசகர்கள் அறிவார்கள். அந்த மனத்தாங்கல்களுக்குக் காரணம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவரை ஒரு புனிதராக்குவதும் நம் நோக்கமல்ல. குறைகள் உள்ள ஒரு மனிதர் தாம் பெற்றதில் ஒரு பகுதியைப் பிறருக்குக் கொடுத்தார் என்பதே நமக்குப் பாடம். குறையற்றவர்கள் மட்டுமே நன்மை செய்யலாம் என்றால், நன்மை செய்ய இங்கே ஆளே இராது.

நம் வீட்டில், நம் ஊரில்

நிற்க. இதெல்லாம் பெரியவர்களின் கதை. கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் உள்ள நமக்கு என்ன?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த மாலை, பத்து வயதுப் பிள்ளையை நிறுத்திவைத்து வினாத்தாளில் கேள்வி கேட்கிறீர்கள். பெறுபேறு வந்த அன்று அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியை முதலில் விசாரிக்கிறீர்கள். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற உங்கள் ஏக்கம் நியாயமானது. கல்வி ஒன்றுதான் நமக்குத் திறந்த கதவு என்று நம் மக்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். ஆயினும் கேட்கிறோம்: உங்கள் பிள்ளையின் கை எதற்காகப் படைக்கப்பட்டிருக்கிறது என்று எப்போதாவது நின்று பார்த்தீர்களா? ரியூசன் வகுப்புகளுக்கு மாறி மாறி அனுப்புவது ஒன்று. பிள்ளையைக் கவனிப்பது வேறொன்று. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு மாலையில் அரை மணி நேரம் போதும். பழுதான வானொலியைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையை “உருப்படமாட்டாய்” என்று திட்டும் முன், அவன் அதைத் திரும்பப் பூட்டுகிறானா என்று பொறுத்துப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் நாற்பது பேர் இருக்கும்போது ஒவ்வொருவரையும் பார்ப்பது எப்படி என்று நீங்கள் கேட்பது நமக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒரு பிள்ளையையாவது பாருங்கள் என்று கேட்கிறோம். முன்வரிசைப் பிள்ளை தானாகவே கண்ணில் படும். நீங்கள் தேட வேண்டியது பின்வரிசையில். முப்பது ஆண்டுச் சேவையில் முப்பது பிள்ளைகள்! அதைவிடச் சிறந்த ஓய்வூதியம் எது?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உழைப்பு மட்டும் போதாது என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு உழைப்பை விட்டுவிடாதீர்கள். அன்று கட்டுகஸ்தோட்டையில் பயிற்சியாளர் கண்ணில் அந்தப் பையன் பட்டதற்குக் காரணம், அவன் தினமும் மைதானத்தில் நின்றதுதான். அறையில் படுத்திருப்பவனைத் தேடிக் கண்டுபிடிக்க எந்த ஆசானாலும் முடியாது. பெரியவர் ஒருவர் “இப்படிச் செய்து பார்” என்று சொல்லும்போது முகம் சுளிக்காதீர்கள். அவர் சொல்வது பிழையாகவும் இருக்கலாம். செய்து பார்த்துவிட்டு விடுங்கள்.

கடைசியாக, ஏதோ ஒரு வகையில் உயர்ந்துவிட்ட நம்மவர்களுக்கு. ஆசிரியராக, எழுதுவினைஞராக, தாதியாக, கடை முதலாளியாக, வங்கி உத்தியோகத்தராக நம் பங்குகளில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பாட்டியும் கொழுந்துக் கூடை சுமந்தவராக இருக்கலாம். தோட்டத்தை விட்டு வந்ததும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே கூச்சப்படுகிறவர்களும் நம்மிடையே உண்டு. உங்களிடம் நாம் நன்கொடை கேட்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரம் கேட்கிறோம். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய ஒரு பிள்ளையோடு உட்காருங்கள். விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாத ஒரு பையனுக்கு நிரப்பக் கற்றுக்கொடுங்கள். தையல் கடை வைத்திருப்பவர் ஒரு பிள்ளைக்கு வெட்டக் கற்றுக்கொடுங்கள். நாராயண ஐயர் செய்தது இவ்வளவே: வேலை முடிந்த பின் தமக்குக் கீழே இருந்த ஒருவரோடு சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இத்தனையும் செய்தும் உயராத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி என்ன சொல்வது? திராட்சைத் தோட்டத்துக்கு மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழு நாட்கூலி கிடைத்தது. ஒரு மனிதனின் பெறுமதியை இறைவன் மேடையில் வாங்கிய கிண்ணங்களைக் கொண்டு அளப்பதில்லை என்பதே இதன் பொருள். மலையில் கொழுந்து எடுக்கும் தாய், வெற்றி பெற்றவர் பட்டியலில் இல்லாதவர். ஆனால் பட்டியலில் உள்ள அத்தனை பேரும் குடிக்கும் தேநீரில் அவருடைய கை இருக்கிறது. அவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு உங்களைப் பேச அழைத்தால், “உழைத்தால் உயரலாம்” என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது முன்வரிசையில் நின்றுவிடாமல், பின்வரிசை வரை நடந்து போய், பரிசு வாங்காத ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டு வாருங்கள். அந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.